கோடைக்கும் கார்த்திகை மழைக்கும் ஈடுகொடுக்கும் தோட்டம்

ஆயிரம் சதுர அடிப் புல்தரைக்குச் சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? கணக்கு எளிதுதான். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். கோடை நாளொன்றில் புல்லும் மண்ணுமாகச் சேர்ந்து காற்றில் விடும் ஈரத்தை நான்கு மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் தினமும் 370 லிட்டர் ஆகிறது. நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர் வழிகாட்டி நெறி. குளியல், துவையல், சமையல், கழிப்பறை எல்லாம் அதில் அடக்கம். வாசலில் இருக்கும் புல்தரை, வீட்டில் கூடுதலாகக் கிட்டத்தட்ட மூன்று பேர் குடியிருந்தால் ஆகும் தண்ணீரைக் குடிக்கிறது. அதுவும் வீட்டில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் மாதங்களில்.

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. குடத்துக்கு வரிசையில் நிற்கும்போது ரோஜாவுக்கு ஊற்ற யாருக்கு மனம் வரும்? அந்தக் கோடையில் வீட்டுத் தோட்டங்கள்தான் முதலில் காய்ந்தன. செடி கருகிய இடத்தில் சிமென்ட் தளம் போடுவதும் பிளாஸ்டிக் புல் விரிப்பதும் சுலபமான தீர்வாகத் தெரியலாம். ஆனால் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு முழுக்க வீட்டின் மேல் கக்குகிறது. ஐப்பசி மழையில் ஒரு சொட்டைக்கூட மண்ணுக்குள் விடாமல் தெருவுக்குத் தள்ளிவிடுகிறது. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. வாசலைச் சிமென்ட் பூசி அடைப்பது அந்த முயற்சிக்கே எதிரானது.

தோட்டத்தைக் கைவிடத் தேவையில்லை, செடியை மாற்றினால் போதும். எந்தச் செடிக்கு மாறுவது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

வறட்சி தாங்கும் தோட்டம் என்றதும் கண்முன் நிற்பது கள்ளியும் கூழாங்கல்லும். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத் தோட்டங்களின் படங்கள் அப்படி மனதில் பதிந்துவிட்டன. ஃபீனிக்ஸில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையே 200 மில்லிமீட்டரை ஒட்டித்தான். சென்னையில் சராசரியாக 1,400 மில்லிமீட்டர். அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். 2015 நவம்பரில் மட்டும் நகரில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. பாலைவனத்துக் கற்றாழை வகைகள் வைகாசி வெயிலைச் சிரமமில்லாமல் தாண்டிவிடும், கார்த்திகையில் பத்து நாள் வேர் நனைந்து கிடந்தால் அழுகிவிடும். அடீனியம் வளர்க்கும் வீடுகளில் இது அடிக்கடி நடப்பது. கோடையெல்லாம் பூத்துக் குலுங்கிய செடியின் பருத்த அடித்தண்டு, அடைமழைக்குப் பின் விரலால் தொட்டால் கொழகொழவென்று உள்வாங்கும்.

ஆகவே தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் தோட்டம் போடுகிறவர் தேட வேண்டியது இரட்டைத் திறமை உள்ள செடியை. ஏழெட்டு மாத வறட்சியையும் அது தாங்க வேண்டும், இரண்டு மாத வெள்ளத்தையும் தாங்க வேண்டும். இந்த இரண்டையும் தாங்கிப் பழகிய செடிகள் வெளிநாட்டுப் புத்தகங்களில் இல்லை. நம் ஊர் அய்யனார் கோயிலைச் சுற்றி இருக்கின்றன.

ஆந்திரக் கடற்கரையிலிருந்து ராமநாதபுரம் வரை, கடலை ஒட்டிய குறுகலான பட்டையில் ஒரு தனி வகைக் காடு உண்டு. உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலாளர்கள் அதை வகைப்படுத்துகிறார்கள். மழை சில மாதம்தான், மீதி மாதங்களில் வெயில். ஆனாலும் அந்தக் காடு இலை உதிர்த்து மொட்டையாக நிற்பதில்லை. பங்குனியில் நடந்தாலும் உள்ளே கரும்பச்சை நிழல். மரங்கள் வானளாவ வளர்வதில்லை, குட்டையாக, நெருக்கமாக, கொடி பின்னிக் கிடக்கும். வயலும் ஊரும் தின்றது போக இந்தக் காட்டில் இன்று எஞ்சியிருப்பவை சிறு துண்டுகளே. கோடியக்கரையில் பெரிய பரப்பு ஒன்று இருக்கிறது. கிண்டி தேசியப் பூங்காவில் கொஞ்சம் இருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி இருப்பதுபோலக் கோயில்காடுகளாகவும் மிஞ்சியிருக்கிறது. சாமிக்குப் பயந்து சுள்ளி ஒடிக்காமல் விட்டதால் பிழைத்த காடுகள் இவை.

இந்தக் காட்டுச் செடிகளின் மதிப்பை ஒரு பெரும் சோதனையே காட்டியிருக்கிறது. 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அங்கே இருந்தது அரிப்பெடுத்த செம்மண் மேடு. மழை பெய்தால் மண் ஓடையாகக் கடலுக்குப் போகும். குடியேறியவர்கள் வரப்பு கட்டி மழையை நிறுத்தினார்கள், கிடைத்த மரங்களையெல்லாம் நட்டார்கள். வேகமாக வளர்ந்து நிழல் தந்தது ஆஸ்திரேலிய அக்கேசியா. அதன் நிழலில் பிறகு பாலையும் காயாவும் கருங்காலி இனத்து மரங்களும் மெல்ல வளர்க்கப்பட்டன. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தது. அக்கேசியாக்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. மண்ணின் மரங்கள் பெரும்பாலும் நின்றன. ஆழமாக வேரோடிய மரம் தண்ணீரையும் தேடிக்கொள்ளும், காற்றையும் தாங்கும் என்பதற்கு அந்த ஒரு இரவு போதும்.

தண்ணீரே ஊற்றாத செடி எப்படித்தான் பிழைக்கிறது? வழிகள் பல. நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் வரிசையாகப் பூத்து நிற்கும் அரளியை எடுத்துக்கொள்ளலாம். அதன் இலையின் அடிப்பக்கத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். குழிக்குள் நெருக்கமாக மயிர். இலை மூச்சுவிடும் துளைகள் அந்தக் குழிகளின் அடியில் பதுங்கியிருக்கின்றன. மேலே அனல்காற்று எவ்வளவு வீசினாலும் குழிக்குள் இருக்கும் காற்று அசையாது, அதன் ஈரமும் சட்டென்று போகாது. ஆடு மாடு வாய்வைக்காததும் அரளிக்கு ஒரு வசதி, ஏனென்றால் வேரிலிருந்து பூ வரை அத்தனையும் நஞ்சு. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் அரளியைத் தவிர்ப்பதே நல்லது.

விராலிக்கு வேறு வழி. இலையைக் கசக்கினால் கையில் பிசுபிசுவென ஒட்டும். இலை மேல் பூசியிருக்கும் பிசின்தான் ஈரத்தைப் பூட்டி வைக்கிறது. எருக்கு இலையில் வெள்ளைப் பூச்சு, சிறுபீளையில் பஞ்சு போன்ற மயிர். காயா இலை சிறியது, தடித்தது, மெழுகு தேய்த்ததுபோல் மினுக்கும்.

கற்றாழையும் கள்ளியும் ரணகள்ளியும் நேரத்தையே மாற்றிக்கொண்டவை. மற்ற செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறக்கும், இவை இரவில் திறக்கும். குளிர்ந்த இரவில் கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேமித்துவிட்டு, விடிந்ததும் கதவை அடைத்துக்கொண்டு வெயிலில் உணவு தயாரிக்கும். இந்த விந்தையை எழுதி வைத்த முன்னோடிகளில் ஒருவருக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. தரங்கம்பாடி மிஷனுக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கும்பினியின் தாவரவியலாளராக வேலைபார்த்த பெஞ்சமின் ஹைன் என்ற ஜெர்மானியர் அவர். ரணகள்ளி இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையே இல்லாமலும் இருப்பதை அவர் கவனித்தார். 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அந்தக் குறிப்பு வந்தது. இரவெல்லாம் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிறது என்பதன் வேதியியல் அதற்கு வெகுகாலம் பின்னால்தான் புரிந்தது.

இனி வீட்டு வாசலுக்கு வரலாம். வெயில் நேராக விழும் இடத்துக்கு ஆவாரையைப் போல ஒரு செடி கிடையாது. கொங்கு நாட்டில் போகியன்று வேப்பிலையோடும் சிறுபீளையோடும் சேர்த்துக் காப்புக் கட்டுவார்கள், அந்த ஆவாரை. தரிசிலும் சாலையோரத்திலும் யாரும் ஊற்றாமலே மஞ்சளாகப் பூக்கும். இதன் பூவருகே சற்று நேரம் நின்றால் ஒரு வேடிக்கை தெரியும். பெரிய கருவண்டு ஒன்று வந்து பூவைக் கவ்வித் தொங்கிக்கொண்டு, பறக்காமலே இறக்கைத் தசையை மட்டும் அதிரவைக்கும். 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஆவாரைப் பூவில் மகரந்தம் சாதாரணமாக உதிராது, மகரந்தப்பையின் நுனியில் இருக்கும் சிறு துளை வழியாகத்தான் வரும். அந்த அதிர்வில் தூள் வண்டின் வயிற்றில் கொட்டுகிறது. பூவில் தேன் கிடையாது, வண்டு வருவது மகரந்தத்துக்காக மட்டுமே. இலையில் மஞ்சள், வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். புழு கொஞ்சம் இலையைத் தின்னும். மருந்தடிக்காமல் விட்டால் செடி மறுபடி தழைத்துவிடும்.

வேலிக்குக் களாவும் விராலியும். களா முள்ளுள்ளது, வெட்டிவிட்டால் அடர்ந்து நிற்கும், காய் ஊறுகாய்க்கு ஆகும். நொச்சியும் வேலிக்கு நல்லதுதான், கொஞ்சம் பரந்து வளரும் என்பதால் இடம் விட வேண்டும். அரைநிழலில் பாவட்டையும் காயாவும் வைக்கலாம். காயா பூக்கும்போது கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலம் அப்பிக்கொள்ளும். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று சொல்லத் தெரிந்த வீடுகளில்கூட அந்தப் பூவைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. நர்சரிகளில் கேட்டால் கிடைப்பதில்லை, கேட்பவர் இல்லாததால் அவர்களும் வளர்ப்பதில்லை.

தலைக்கு வைக்கப் பூ வேண்டுமென்றால் டிசம்பர் பூ இருக்கிறது. மழைக்குப் பின் குளிரில் பூத்து, கோடையில் வாடியதுபோல் இருந்துவிட்டு மறுபடி எழும். நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. ஆனால் சிமென்ட் வெடிப்பில்கூட முளைத்து ஆண்டெல்லாம் பூக்கும். ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து இந்தச் செடியிலிருந்து வந்ததுதான். காகிதப்பூவுக்கும் தாய்நாடு தென் அமெரிக்காவே. வேர்பிடித்த பின் தண்ணீரைக் குறைக்கக் குறைக்க அது அதிகமாகப் பூக்கும். தினமும் ஊற்றினால் இலையாகத் தள்ளும்.

மரம் வைக்க இடமிருந்தால் சரக்கொன்றை, புங்கன், மகிழம், பூவரசு. சரக்கொன்றை நீர் மிகக் குறைந்த சித்திரையில் இலையை உதிர்த்துவிட்டுப் பொன்னிறச் சரம் சரமாகத் தொங்கும். பாலை மரம் வைப்பவருக்குப் பொறுமை வேண்டும். உலக்கை செய்யும் அளவுக்கு வைரம் பாய்ந்த மரம் அது, வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் தலைமுறைகள் தாண்டி நிற்கும். இலங்கையின் வன்னிக் காடுகளிலும் இதே பாலைதான், அங்கே பாலைப்பழக் காலம் என்றால் ஊரே காட்டுக்குள் போகும்.

சாப்பாட்டுக்கு ஆகும் செடிகளிலும் தாகம் குறைந்தவை பல. முருங்கைக்குத் தண்ணீர் மிஞ்சினால் இலைதான் தழைக்கும், பூ குறையும். கொஞ்சம் காயப்போட்டால்தான் பூக்கும். வாசலில் வைக்கப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை பொருத்தம். கறிவேப்பிலை, சீத்தா, மாதுளை, நெல்லி, இலந்தை எல்லாமே வேர் இறங்கிய பின் வாரம் ஒரு தண்ணீரில் நின்றுகொள்ளும். பிரண்டைக்கு அதுவும் வேண்டாம், சுவரோரம் ஒரு கணு ஊன்றினால் போதும்.

புல்தரைதான் பலருக்கு விட முடியாத ஆசை. அதற்கும் வழி உண்டு. வாய்க்கால் ஓரத்தில் படர்ந்து கிடக்கும் பொடுதலையைப் பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சத் தேடிப் பறிப்பார்கள். தரையோடு தரையாக ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு, குட்டிக் குட்டி வெளிர்நிறப் பூ வைக்கும். ஜப்பானில் இதே செடியிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு ரகம் குராபியா என்ற பெயரில் கலிஃபோர்னியாவில் புல்தரைக்கு மாற்றாக விற்பனையாகிறது. நம் வீட்டில் அதற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை, நான்கு கணுத் துண்டுகள் போதும். வழக்கமான புல்லைவிடத் தண்ணீரும் குறைவு, வெட்டும் வேலையும் குறைவு. கடுங்கோடையில் மட்டும் அவ்வப்போது நனைக்க வேண்டும். தேனீக்கள் மொய்க்கும் என்பதால் வெறுங்காலோடு நடப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கடற்கரை மணலில் வீடு கட்டியவர்களுக்கு அடப்பங்கொடியே போதும், உப்புக்காற்றுக்கும் அசராது.

வறட்சி தாங்கும் என்பதற்காகக் கிடைத்ததையெல்லாம் நட்டுவிட முடியாது. இதை இந்த நாடு வலியோடு கற்றிருக்கிறது. விறகுக்கும் வேலிக்கும் நல்லது என்று வந்த சீமைக் கருவேலம் இன்று ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களை அடைத்து நிற்கிறது. உயர் நீதிமன்றமே தலையிட்டு அகற்றச் சொல்லும் அளவுக்கு அது பரவியது. அழகுக்காகக் கொண்டுவந்த உன்னிச்செடி முதுமலைக் காட்டின் தரையையே மூடிவிட்டது. இதற்கெல்லாம் முந்தைய கதை சைதாப்பேட்டையில் நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கும்பினி மருத்துவர் அங்கே சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். கள்ளியில் வாழும் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பது அவருடைய திட்டம். சாயத் தொழில் தழைக்கவில்லை. வெளிநாட்டுக் கள்ளிகளோ காலப்போக்கில் சென்னை மாகாணத்தில் வேலி தாண்டி மேய்ச்சல் நிலமெல்லாம் பரவின. கடைசியில் 1926இல் இலங்கையிலிருந்து ஒருவகைச் செதில்பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்த முள்காடு கட்டுக்குள் வந்தது.

இன்றும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தண்ணீர் அதிகம் வேண்டாம் என்று சொல்லித் தரைமூடியாக நடும் வெடேலியா, சூரியகாந்திபோல் மஞ்சள் பூ வைக்கும் கொடி, உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. உன்னியும் சப்பாத்திக்கள்ளியும் அதே பட்டியலில்தான். அந்நியத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. வாசலில் நடும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்வது நல்லது: இது வேலிக்கு வெளியே தானாக முளைத்துப் பரவுமா? பரவும் என்றால் வேண்டாம். நித்தியகல்யாணிக்கும் காகிதப்பூவுக்கும் இடம் கொடுக்கலாம், வெடேலியாவுக்குக் கூடாது.

செடியைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் பாதி வேலை மண்ணில் இருக்கிறது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பெத் சாட்டோ என்ற தோட்டக் கலைஞர் 1990களின் தொடக்கத்தில் தன் பழைய வாகன நிறுத்துமிடத்தைச் சரளைத் தோட்டமாக மாற்றினார். ஆண்டுக்கு 500 மில்லிமீட்டரை ஒட்டிய மழைதான் அங்கே. தொடக்கத்தில் மண்ணைக் கிளறி மட்கு சேர்த்து, நடும்போது நனைத்தார். அதற்குப் பிறகு எந்தக் கோடையிலும் குழாயைத் திறப்பதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. அவர் நட்ட லாவண்டரை இங்கே நட்டால் கார்த்திகை மழையில் போய்விடும். எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய செடிப் பட்டியலை அல்ல, முறையை.

நம் ஊரில் அந்த முறைக்கு நாள் குறிப்பது வடகிழக்குப் பருவமழை. ஆவணியிலிருந்து புரட்டாசிக்குள் நட்டுவிட வேண்டும். மழை மூன்று மாதம் வேரை இறக்கிவிடும், தை பிறக்கும்போது செடி தன் காலில் நிற்கும். மாசியில் நட்டால் அதே செடிக்கு ஆறு மாதம் தண்ணீர் சுமக்க வேண்டும். கன்று சின்னதாக இருப்பதே மேல். ஆளுயரக் கன்று பார்க்க அழகு, ஆனால் பாலிதீன் பைக்குள் அதன் வேர் வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், நட்ட பின்னும் நேரே கீழிறங்காது. ஒன்றரை அடிக் கன்று இரண்டு மூன்று ஆண்டில் அதைத் தாண்டிவிடும்.

வறட்சி தாங்கும் செடிக்குத் தண்ணீரே வேண்டாம் என்று நினைத்து முதல் கோடையில் கைவிடுபவர்கள் உண்டு. முதல் ஆண்டு அதுவும் குழந்தைதான். தினமும் தெளிப்பதைவிட ஐந்து நாளுக்கு ஒருமுறை நின்று ஊறும்படி ஊற்றுவது மேல். மேலாக நனைந்த மண்ணில் வேரும் மேலாகவே ஓடும், வெயிலில் முதலில் கருகுவதும் அந்த வேர்தான். ஆழம் நனைந்தால் வேர் ஆழத்துக்குப் போகும். இரண்டாம் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை. மூன்றாம் கோடையில் இலை தொங்கினால் மட்டும். சுடுமண் பானையைச் செடியருகே கழுத்து வரை புதைத்து நிரப்பி மூடிவைத்தால் ஈரம் தானே கசிந்து வேருக்குப் போகும். ஊருக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

மூடாக்கு போடாத தோட்டத்தில் ஊற்றுவதில் கணிசமான பங்கு வெயிலுக்கே போகிறது. மூடாக்குக்குக் காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. வாசலில் கூட்டி எரிக்கும் சருகு, தேங்காய் மட்டை, வெட்டிய கிளை எல்லாமே மூடாக்குதான். மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பி, தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் மழையில் தண்டு அழுகும். களிமண் இடங்களில் பாத்தியைத் தரையைவிட ஓரடி உயர்த்திக்கொள்வதும் அவசியம். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்ந்த பகுதிகளில் இதைத் தவிர்த்தால் எந்தச் செடியும் நிற்காது.

தாகத்தின்படி இனம் பிரித்து நடுவது இன்னொரு வேலை. ஆவாரையையும் மல்லிகையையும் ஒரே பாத்தியில் வைத்தால் ஒன்று தண்ணீர் மிஞ்சி வாடும், மற்றது போதாமல் வாடும். மல்லிகை, கீரை போன்ற தாகமுள்ளவற்றைக் குழாய்க்குப் பக்கத்தில் சிறு பகுதிக்குள் அடக்கிக்கொள்ளலாம். துவைத்த தண்ணீர் போகும் வழியில் கல்வாழை, வாழை, சேம்பு. அந்தத் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடரும் சலவைச் சோடாவும் அதிகம் இருந்தால் மட்டும் பாய்ச்சக் கூடாது, சோடியம் சேர்ந்து களிமண் இறுகிவிடும். சுவரோர வெயிலிலும் வேலியோரத்திலும் ஆவாரை, விராலி, களா. அங்கே குழாய் நீளவே வேண்டாம். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் சென்னையின் சராசரி ஆண்டு மழை விழுந்தால் 1,30,000 லிட்டர். அதில் ஒரு பங்கைத் தோட்டத்தின் நடுவே ஓரடிப் பள்ளத்துக்குத் திருப்பிவிட்டால் கோடை வரை ஆழத்து ஈரம் தங்கும்.

இந்தச் செடிகள் கிடைப்பதுதான் இன்றைக்குப் பெரிய சிரமம். வியாபார நர்சரிகளில் குரோட்டன்ஸும் பனை வகை அலங்காரச் செடிகளும் நிறைந்திருக்கும், காயாவையும் பாவட்டையையும் கேட்டால் விழிப்பார்கள். வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக்கன்றுகள் கிடைக்கின்றன. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வந்த பிறகு அங்கே உற்பத்தியும் கூடியிருக்கிறது. ஆரோவில்லிலும் உலர் பசுமைமாறாக் காட்டுச் செடிகளை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். காட்டிலிருந்தும் கோயில்காட்டிலிருந்தும் செடியைப் பிடுங்கி வருவது மட்டும் கூடாது. எஞ்சியிருக்கும் துண்டுகளே கொஞ்சம், பிடுங்கிய செடி பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை.

விதை எடுத்து முளைக்கவைப்பது செலவில்லாத வழி. நாவல், வேம்பு விதைகளைப் பழம் விழுந்த சில நாளுக்குள் ஊன்ற வேண்டும், எடுத்து வைத்தால் உயிர் போய்விடும். ஆவாரை அதற்கு நேர்மாறு. தோல் கெட்டியானது, காய்ந்து பழுப்பேறிய காயிலிருந்து எடுத்து மாதக்கணக்கில் டப்பாவில் வைத்திருக்கலாம். ஊன்றுவதற்கு முதல்நாள் இரவு, கொதித்து இறக்கிய தண்ணீரைச் சற்று ஆறவிட்டு, விதை மேல் ஊற்றி ஊறப்போட வேண்டும். உப்பியவற்றை எடுத்து, செடி நிற்க வேண்டிய இடத்திலேயே ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றலாம். ஆணிவேர் நீளமாக ஓடும் செடி என்பதால் பையில் வளர்த்து இடம் மாற்றுவதைவிட இதுதான் நல்லது. ஒரு குழிக்கு மூன்று விதை, குழிக்குக் குழி மூன்றடி, புரட்டாசி முதல் வாரத்துக்குள்.